புனே நகரில் தேநீரும் உடல்நலக் கருத்துகளும்: 1890 முதல் இன்று வரை

முன்னுரை

தேநீரும் காப்பியும் இன்று இந்தியர்தம் அன்றாட உணவின் பகுதியாகிவிட்டன. எனினும் இவை உடலுக்கு நன்மை பயப்பனவா, தீங்கு விளைப்பனவா என்னும் வினா இவை நம் நாட்டு இல்லங்களுக்குள் புகுந்த நாள் முதலாகவே எழுந்துவந்துள்ளது. இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் தனக்குரிய விடையைக் கண்டது. சாதித் தூய்மையை முதன்மையாகக் கருதிய காலம் குவளையில் தீட்டைக் கண்டது. ஒழுக்கத்தையும் எளிமையையும் முதன்மையாகக் கருதிய காலம் அதில் நஞ்சைக் கண்டது. அளவீட்டை நம்பும் இக்காலம் மில்லிகிராம் கணக்கில் காஃபீனைக் காண்கிறது.

இம்மூன்று நிலைகளையும் ஒரே நகரின் வரலாற்றில் காணும் வாய்ப்பைப் புனே நகரம் தருகிறது. 1890இல் அங்கு நிகழ்ந்த பஞ்ச ஹௌத் தேநீர் நிகழ்ச்சியும், 1942இல் அந்நகரின் ஆகாகான் மாளிகையில் சிறைப்பட்டிருந்த காந்தியடிகள் எழுதிய உடல்நல நூலும் இதற்கு அடிப்படைச் சான்றுகளாகின்றன. இவற்றை இன்றைய மருத்துவ அறிவோடு ஒப்பிட்டு, தேநீரின் தீங்கு பற்றிய கருத்து எவ்வாறு இடம் மாறி வந்தது என்பதையும், அம்மாற்றத்தில் யாருடைய உடல் கருத்தில் கொள்ளப்பட்டது, யாருடைய உடல் விடுபட்டது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயர் வந்த வழி

மராத்தியர் தேநீரைச் 'சஹா' என்பர். தமிழர் அதன் இலையைத் 'தேயிலை' என்றும், அதிலிருந்து பெறும் பானத்தைத் 'தேநீர்' என்றும் வழங்குகின்றனர். இவ்விரு பெயர்களும் சீன மொழியின் இருவேறு வழக்குகளிலிருந்து வந்தவை. 'சா' என்னும் ஒலி நிலவழி வணிகத்தின் மூலமும் போர்த்துக்கீசியர் மூலமும் பரவியது. 'தே' என்னும் ஒலி ஃபுஜியன் கடற்கரை வழக்கிலிருந்து டச்சு வணிகர் மூலம் பரவியது. தமிழில் இரண்டாவது வழக்கே இலக்கியத் தகுதி பெற்றது. முதலாவது 'சாயா' என்னும் வடிவில் பேச்சு வழக்கில் நின்றது.

தமிழில் 'தேநீர்' என்ற சொல்லைக் கேட்போர் செவியில் தேனின் இனிமையும் உடன் ஒலிப்பது இயல்பே. புனேயிலோ இவ்வினிமை வெளிப்படையாகவே பெயராயிற்று. அந்நகரின் பழைய பேட்டைகளில் தேநீர்க் கடைகளை 'அம்ருத்துல்ய' என்று அழைப்பது மரபு. 'அமிர்தத்திற்கு ஒப்பானது' என்பது இதன் பொருள். அரை நூற்றாண்டிற்கு உட்பட்ட காலத்தில் தீட்டுக்கு உரியதாக இருந்த ஒரு பானம் அமிர்தம் என்று பெயர் பெற்றது எவ்வாறு என்பது வரலாற்று வினாவாகும்.

பஞ்ச ஹௌத் நிகழ்ச்சி

புனே நகரின் குருவார் பேட்டைப் பகுதியில் ஆங்கிலிக்கன் மறைப்பணியாளர் நடத்திய பஞ்ச ஹௌத் மிஷன் அமைந்திருந்தது. 'ஹௌத்' என்பது நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல். அங்கிருந்த ஐந்து நீர்த்தொட்டிகளே அவ்விடத்திற்குப் பெயராயின. 1890 அக்டோபரில் அங்கு நடந்த ஒரு கூட்டத்திற்கு நகரின் கற்றோர் பலர் அழைக்கப்பட்டனர். மகாதேவ கோவிந்த ரானடே, பால கங்காதர திலகர், கோபால கிருஷ்ண கோகலே ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். வந்தோர்க்குத் தேநீரும் பிஸ்கட்டும் வழங்கப்பட்டன. சிலர் பருகினர், சிலர் மரியாதைக்காகக் குவளையைக் கையில் வாங்கிப் பருகாமல் வைத்தனர்.

இந்நிகழ்ச்சியின் பின்னணியில் இருந்தவர் கோபால்ராவ் ஜோஷி. அமெரிக்காவிற்குச் சென்று 1886இல் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் கணவர் இவர். ஆனந்திபாய் நாடு திரும்பிச் சில மாதங்களிலேயே, 1887 பிப்ரவரியில், புனேயில் காலமானார். கோபால்ராவ் அக்கூட்டத்திற்கு வந்திருந்தோரின் பெயர்களைப் 'புனே வைபவ்' என்னும் இதழில் வெளிவரச் செய்தார். மேடையில் சீர்திருத்தம் பேசுவோர் தம் வாழ்விலும் அதற்கு நிற்பார்களா என்று சோதிப்பது அவர் நோக்கமாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

பெயர்கள் வெளியானதும் வைதிகத் தரப்பினர் பாலாசாகேப் நாத்து தலைமையில் சங்கராச்சாரியாரிடம் முறையிட்டனர். விசாரணைக்குச் சாஸ்திரிகள் அனுப்பப்பட்டனர். கிறித்தவர் கையால் காய்ச்சிய நீரைப் பருகியோர் கழுவாய் செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் சாதி விலக்கிற்கு உள்ளாவர் என்னும் நிலை உருவாயிற்று. திலகர் சாத்திர நூல்களின் வழிநின்றே வாதிட்டுப் பழியின் கடுமையைக் குறைக்க முயன்றார். தாம் காசியில் கழுவாய் செய்துகொண்டதாகவும் தெரிவித்தார். ரானடே தொடக்கத்தில் அசையவில்லை. ஆனால் தம் நண்பர்கள் தம் இல்லங்களில் சடங்குகள் செய்யவும் திருமண உறவு கொள்ளவும் இயலாது இடர்ப்படுவதைக் கண்டு, 1892இல் அவரும் கழுவாய் செய்துகொண்டார். சீர்திருத்தத் தரப்பினர் அதற்காக அவரைக் கடுமையாகக் குறைகூறினர். அவர்தம் துணைவியார் ரமாபாய் ரானடே 1910இல் வெளியிட்ட மராத்தி நினைவுக் குறிப்பு நூலில் இந்நிகழ்வும் அது குடும்பத்தில் ஏற்படுத்திய வருத்தமும் பதிவாகியுள்ளன.

இவ்வழக்கில் நம் கவனத்திற்குரிய செய்தி ஒன்றுண்டு. தேநீரே பொருளாக இரண்டு ஆண்டுகள் நீடித்த பூசலில் தேயிலை உடலுக்கு என்ன செய்கிறது என்பது விவாதப் பொருளாகவே எழவில்லை. நீர் எவர் கையால் காய்ச்சப்பட்டது என்பதே வழக்கு. வேதியியலார் அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே தேயிலையின் உட்பொருளை அறிந்திருந்தனர். 1819இல் ஜெர்மானிய அறிஞர் ஃபிரீட்லிப் ருங்கே காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுத்தார். 1827இல் ஊத்ரி என்பார் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து அதற்குத் 'தேயீன்' எனப் பெயரிட்டார். இவ்விரண்டும் ஒன்றே என்பது 1838ஐ ஒட்டி உறுதியாயிற்று. இருப்பினும் 1890ஆம் ஆண்டுப் புனேயில் தேநீரின் ஆற்றல் அதன் வேதிப்பொருளில் இருப்பதாக எவரும் கருதவில்லை. அது பரிமாறும் கையில் இருப்பதாகவே கருதப்பட்டது.

தீட்டிலிருந்து அமிர்தத்திற்கு

அடுத்த அரை நூற்றாண்டில் நிலைமை மாறிற்று. இம்மாற்றத்திற்கு வணிகமும் சமூக ஏற்பாடும் ஒருங்கே காரணமாயின. 1903இல் இயற்றப்பட்ட தேயிலைத் தீர்வைச் சட்டத்தின்படி, ஏற்றுமதியாகும் தேயிலை மீது திரட்டப்பட்ட தொகை தேயிலையை விளம்பரப்படுத்தப் பயன்பட்டது. 1930களில் உலகப் பொருளாதார வீழ்ச்சியால் ஏற்றுமதி தளர்ந்தபோது தோட்ட முதலாளிகள் இந்தியச் சந்தையின் பக்கம் முழுமையாகத் திரும்பினர். நகரங்களிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் தேநீர் தயாரிக்கும் முறை கற்பிக்கப்பட்டது. சுவரொட்டிகள் பல மொழிகளில் வெளியாயின. தேநீர் களைப்பைப் போக்கும், சுறுசுறுப்பூட்டும் என்பன இவ்விளம்பரங்களின் முதன்மைச் செய்திகளாக இருந்தன. உடல்நலம் என்னும் சொல் தேநீரை எதிர்ப்போர் வாயில் மட்டுமன்றி அதை விற்போர் வாயிலும் இடம்பெற்றது என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

புனேயின் அம்ருத்துல்யக் கடைகளை நடத்தியோருள் இராஜஸ்தானத்திலிருந்து வந்த ஸ்ரீமாலி பிராமணர் பலர். பால், சர்க்கரை, இஞ்சி, ஏலம் ஆகியவற்றோடு தேயிலைத் தூளைப் பித்தளைப் பாத்திரத்தில் வாடிக்கையாளர் கண்முன்னே கொதிக்க வைத்து இறக்குவது இக்கடைகளின் முறை. பெயரில் அமிர்தம், காய்ச்சுபவர் பிராமணர் என்னும் இரண்டும் 1890இல் எழுந்த அச்சத்திற்குச் சொல்லாமல் சொல்லப்பட்ட விடைகளாக அமைந்தன எனலாம். தமிழ்நாட்டில் 'பிராமணாள் காப்பி கிளப்' என்னும் பெயர்ப்பலகைகள் ஆற்றிய பணியும் இதுவே. அப்பலகைக்கு எதிராகப் பெரியார் 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு மறியல் தொடங்கினார் என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

மராத்திய நிலத்திலேயே இதற்கு மாறான சான்றும் உண்டு. கோலாப்பூர் அரசர் சாஹு மகாராஜ், ஒடுக்கப்பட்ட வகுப்பினரான கங்காராம் காம்ப்ளே தேநீர்க் கடை தொடங்க உதவியதோடு, தாமே அங்குச் சென்று தேநீர் அருந்தினார். பொதுத் தொட்டியின் நீரைத் தொட்டதற்காகத் தாக்கப்பட்டவர் காம்ப்ளே. ஆகவே அக்குவளைத் தேநீர் அரசர் வெளியிட்ட ஆணைக்கு நிகராயிற்று. தேநீர் விலக்கத்தின் கருவியாகவும் விலக்கத்தை உடைக்கும் கருவியாகவும் ஒரே காலத்தில் பயன்பட்டமை இதனால் புலனாகும்.

விடுதலைக்குப் பின்னர் இந்நகரில் தென்னிந்தியக் காப்பியும் வேரூன்றியது. இன்று ஃபெர்குசன் கல்லூரிச் சாலையில் புகழ்பெற்று விளங்கும் 'வைஷாலி' உணவகம் 1950களில் 'மெட்ராஸ் ஹெல்த் ஹோம்' என்னும் பெயரில் இயங்கியது. காப்பியும் இட்லியும் விற்ற ஒரு கடை உடல்நலத்தைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. 1890இல் சாதியின் மொழியில் பேசப்பட்ட குவளை, அறுபது ஆண்டுகளில் உடல்நலத்தின் மொழிக்குள் வந்துவிட்டது என்பதற்கு இப்பெயரைச் சான்றாகக் கொள்ளலாம்.

ஆகாகான் மாளிகையில் எழுந்த நூல்

இம்மொழி மாற்றத்தில் காந்தியடிகளுக்குத் தனியிடம் உண்டு. 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானத்தை ஒட்டி 1942 ஆகஸ்டு 9 அன்று கைதான அவர், புனேயின் ஆகாகான் மாளிகையில் சிறை வைக்கப்பட்டார். ஆகஸ்டு 15 அன்று அவருடைய செயலாளர் மகாதேவ தேசாய் அங்கேயே உயிர் நீத்தார். அத்துயரம் நிகழ்ந்த இரு வாரங்களுக்குள் காந்தியடிகள் உடல்நலம் பற்றிய ஒரு சிறு நூலைக் குஜராத்தியில் எழுதத் தொடங்கினார். டிசம்பரில் அதை முடித்தார். 'ஆரோக்யனீ சாவீ' என்பது அதன் தலைப்பு. தமிழிலும் வழங்கும் 'சாவி' என்னும் போர்த்துக்கீசியச் சொல்லே அதில் இடம்பெற்றுள்ளது. உடன் சிறையிலிருந்த மருத்துவர் சுசீலா நய்யார் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நூல் 1948இல் வெளியாயிற்று. தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் தாம் எழுதிய உடல்நலக் கட்டுரைகளின் கருத்துகளை மறுஆய்வு செய்து சுருக்கித் தருவதாக இந்நூல் அமைந்தது.

இந்நூலில் தேநீர், காப்பி, கோகோ ஆகியவற்றிற்கு ஒரு தனிப் பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இம்மூன்றும் உடலுக்குத் தேவையற்றவை என்பது அவர் முடிவு. ஆனால் அம்முடிவை அவர் அடையும் வழி கூர்ந்து நோக்கத்தக்கது. சீனத்தில் நீர் நன்கு கொதித்ததா என அறியும் சோதனைப் பொருளாகவே தேயிலை பயன்பட்டது என்னும் கதையை அவர் எடுத்துரைக்கிறார். கொதிநீரை இலைமீது ஊற்றி வடித்து, பொன்னிறமாக எடுக்கும் மெல்லிய தேநீரில் தீங்கில்லை என்கிறார். நெடுநேரம் ஊறிய அல்லது கொதித்த தேநீரில் டானின் மிகுதியாக இறங்குகிறது. தோலை இறுகச் செய்யும் அப்பொருள் இரைப்பையின் உட்படலத்தையும் அவ்வாறே பாதித்துச் செரிமானத்தைக் கெடுக்கும் என்பது அவர் வாதம். வழக்கமாகக் குடிப்போர் உரிய நேரத்தில் தேநீர் கிடைக்காவிடில் அமைதியிழப்பதையும் அவர் சுட்டுகிறார். சூடும் இனிப்பும் சிறிது பாலும் தருவதே தேநீரின் பயன் என்றால், வெந்நீரில் பாலும் சர்க்கரையும் கலந்து பருகினால் அப்பயன் கிட்டிவிடும் என்பது அவர் கூறும் மாற்று.

1890ஆம் ஆண்டு வழக்கோடு இதனை ஒப்பிட்டால் மாற்றத்தின் அளவு விளங்கும். கையிலிருந்த தீங்கு இலைக்குள் புகுந்துவிட்டது. யார் காய்ச்சினார் என்னும் வினா மறைந்து, எவ்வளவு நேரம் காய்ச்சினார் என்னும் வினா எழுந்துள்ளது. கழுவாய் என்பது ஒரு நாள் சடங்கு. காந்தியடிகள் வேண்டுவது நாள்தோறும் கடைப்பிடிக்கும் தன்னடக்கம். எனவே தூய்மை என்னும் கருத்து இங்கும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனால் அது பிறப்பை விட்டு நீங்கி, எவரும் மேற்கொள்ளக்கூடிய ஒழுக்கமாக மாறியது. இது சிறிய மாற்றமன்று.

டானினும் இரும்புச்சத்தும்

காந்தியடிகளின் டானின் பற்றிய கருத்து இன்றைய அறிவியல் நோக்கில் எவ்வளவு நிற்கும்? தோல் பதனிடல் உவமை தமிழ் வாசகர்க்கு எளிதில் விளங்கும். திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதிகளில் ஆவாரம்பட்டை கொண்டு தோல் பதனிட்டதும் அப்பட்டையில் உள்ள டானினின் ஆற்றலாலேயே. இத்தகைய துவர்ப்புப் பொருள்கள் புரதத்தோடு பிணையும் இயல்புடையவை. ஆயினும் தேநீரால் இரைப்பையின் உட்படலம் தோல்போல் இறுகிவிடும் என்னும் கருத்தை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை.

எனினும் அவர் ஐயுற்ற பொருள் வேறொரு வழியில் தீங்கு செய்வது பின்னர் வெளிப்பட்டது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் உணவில் உள்ள இரும்புச்சத்தோடும் பிணைகின்றன. அவ்வாறு பிணைந்த இரும்பைக் குடல் உறிஞ்ச இயலாது. 1975இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு, ரொட்டியிலிருந்தும் சோற்றுணவிலிருந்தும் உடல் பெறும் இரும்பின் அளவு தேநீரால் குறைவதைக் காட்டியது. பின்வந்த ஆய்வுகளும் இதனை உறுதிசெய்துள்ளன. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் இரும்பே இவ்வாறு பெரிதும் பாதிக்கப்படுகிறது; இறைச்சியிலிருந்து கிடைக்கும் இரும்பு அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை. காப்பிக்கும் ஓரளவு இவ்வியல்பு உண்டு. இது காஃபீனின் விளைவன்று. எனவே காஃபீன் நீக்கிய தேநீரும் இதற்கு விலக்காகாது.

இவ்வறிவு நம் நாட்டில் யாருக்கு இன்றியமையாதது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். அவ்வயது ஆண்களுள் இது 25 விழுக்காடே. இரத்தசோகைக்குக் காரணம் தேநீர் எனக் கூறிவிட முடியாது. இரும்புச்சத்தில் குறைந்த உணவு, மாதவிடாய், அடுத்தடுத்த மகப்பேறு, குடற்புழு எனக் காரணங்கள் பல. ஆனால் முன்பே குறைவாக உள்ள இரும்பை மேலும் குறைப்பதில் உணவோடு அருந்தும் தேநீர் துணைசெய்கிறது. காலை உணவுக்குப் பதிலாகத் தேநீரும் பன்னும் உண்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும், பசியை மறக்கத் தேநீர் பருகும் கூலித் தொழிலாளிக்கும் இக்குறை பெரிது. இறைச்சியும் பழமும் உண்டு, உணவுக்குப் பின் நெடுநேரம் கழித்துத் தேநீர் அருந்துவோர்க்கு அது சிறிது. ஆகவே ஒரே குவளை எல்லா உடலுக்கும் ஒரே அளவில் தீங்கு செய்வதில்லை.

காஃபீனின் செயற்பாடு

தேநீரிலும் காப்பியிலும் உள்ள காஃபீன் மூளையில் செயற்படும் முறை 1970களிலிருந்து தெளிவாகி வந்துள்ளது. நாம் விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் அடினோசின் என்னும் பொருள் திரள்கிறது. அது தனக்குரிய ஏற்பிகளில் சென்று பொருந்தும்போது சோர்வும் உறக்க உணர்வும் தோன்றுகின்றன. காஃபீன் வடிவத்தில் அடினோசினை ஓரளவு ஒத்திருப்பதால் அவ்வேற்பிகளைத் தான் பற்றிக்கொள்கிறது. அடினோசின் அங்கேயே இருக்கிறது. ஆனால் அதன் செய்தி சென்று சேர்வதில்லை. எனவே காஃபீன் களைப்பைத் தீர்ப்பதில்லை; அதை உணராமல் செய்கிறது. களைப்பைப் போக்கும் என்று 1930களின் விளம்பரங்கள் கூறியதற்கும் உண்மைக்கும் உள்ள இடைவெளி இதுவே.

உட்கொண்ட காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்திய காப்பியின் காஃபீனில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும். இக்கால அளவு எல்லோர்க்கும் ஒன்றன்று. கருவுற்ற பெண்களிடம் இது பன்மடங்கு நீளும், புகைபிடிப்போரிடம் குறையும், கல்லீரல் நொதியின் மரபு வேறுபாட்டாலும் மாறும். படுத்தவுடன் உறங்குவாரும் நள்ளிரவு வரை விழித்திருப்பாரும் ஒரே பானத்தைப் பற்றி மாறுபட்ட தீர்ப்புக் கூறுவது இதனாலேயே.

உரிய நேரத்தில் தேநீர் கிடைக்காதோர் அமைதியிழப்பர் என்று காந்தியடிகள் கண்டது சரியே. நாள்தோறும் காஃபீன் கொள்வோர் அதை நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆகியன தோன்றும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு இதனைத் தனி நிலையாகவே ஏற்றுள்ளது. சில நாள்களில் இது தானே அடங்கும். படிப்படியாகக் குறைப்போர்க்கு இத்துன்பம் குறைவு.

தீங்குகள் எனக் கருதப்பட்ட சில, ஆய்வில் நிற்கவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1991இல் காப்பியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணியாக வகைப்படுத்தியது. 2016இல் போதிய சான்று இல்லை என்று அதனை அவ்வகையிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில், 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் எப்பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று வகைப்படுத்தியது. பொருளை விட்டுச் சூட்டின்மீது ஐயம் சென்றது. அளவோடு காப்பி அருந்துவோரிடம் இரண்டாம் வகை நீரிழிவும் கல்லீரல் நோயும் குறைவாகக் காணப்படுவதாகப் பல தொடர் ஆய்வுகள் தெரிவிக்கின்றன. இது உடன்நிகழ்வே அன்றிக் காரணம் என இன்னும் நிறுவப்படவில்லை.

அளவு பற்றிய வரையறைகளுள் நம் நாட்டிற்குரியது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்துத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியாகும். நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் வேண்டாம் என்று அது அறிவுறுத்துகிறது. 150 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவளை வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், உடனடிக் காப்பியில் 50 முதல் 65 மில்லிகிராமும், தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் உள்ளதாக அது கணக்கிடுகிறது. இக்கணக்கின்படி கடுங்காப்பியாயின் மூன்றாம் குவளையிலும், கடுந்தேநீராயின் ஐந்தாம் குவளையிலும் எல்லை கடந்துவிடும். மெல்லிய தேநீராயின் பத்துக் குவளை வரை எல்லைக்குள் அடங்கும். காந்தியடிகள் காய்ச்சும் முறையில் கண்ட வேறுபாடு இன்று எண்ணாக மாறியுள்ளது. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேநீர், காப்பியைத் தவிர்க்குமாறும் அவ்வழிகாட்டி கூறுகிறது. இதற்கு அது காட்டும் காரணம் இரும்புச்சத்தே. கருவுற்ற பெண்களுள் நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் கொள்வோர் அதைக் குறைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. மிகுதியான காஃபீன் கருச்சிதைவோடும் குறைந்த பிறப்பு எடையோடும் தொடர்புடையதாகக் காணப்படுவதே இதற்குக் காரணம்.

தமிழ்ச் சூழலுக்குரிய பாடம்

தமிழ்நாட்டுக் காப்பி வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் ஆராய்ந்துள்ளார். காப்பி நடுத்தர வகுப்பின் அடையாளமாகவும் தேநீர் உழைக்கும் மக்களின் அடையாளமாகவும் நிலைபெற்ற வகையை அவர் விளக்கியுள்ளார். புனேயின் வரலாறு இதனோடு ஒப்பிடத்தக்கது. அங்குத் தேநீரே எல்லா வகுப்பாரின் பானமாயிற்று. காப்பி தெற்கிலிருந்து வந்த விருந்தாகவே நின்றது. ஆனால் இரு நிலங்களிலும் உடல்நலம் பற்றிய பேச்சு சமூக அச்சங்களைத் தாங்கி வந்தது என்பதில் வேற்றுமை இல்லை.

இதிலிருந்து ஆய்வாளர் இரு தவறான முடிவுகளுக்கு வரக்கூடும். பழைய இதழ்களிலும் நூல்களிலும் காணும் தேநீர் எதிர்ப்பு முழுவதையும் மருத்துவ உண்மையாகக் கொள்வது ஒன்று. அவை யாவும் சாதியின் அல்லது ஒழுக்கத்தின் மறைவேடமே என்று தள்ளுவது மற்றொன்று. பஞ்ச ஹௌத் வழக்கைப் படிப்போர்க்கு இரண்டாவது முடிவு எளிதாகத் தோன்றும். ஆனால் ஆகாகான் மாளிகை நூலைப் படிக்கும்போது அவ்வெளிமை குலைகிறது. காந்தியடிகள் கூறிய காரணம் பிழையானது. அவர் ஐயுற்ற பொருள் உண்மையிலேயே ஐயத்திற்குரியது. எனவே ஒவ்வொரு கூற்றிலும் சமூகத்தின் பங்கையும் உடலின் பங்கையும் தனித்தனியே பிரித்தறிதல் ஆய்வாளர் கடமையாகும்.

மேலும், 1890ஆம் ஆண்டுப் பூசலில் பெயர் வெளியானோர் பொதுவாழ்வில் இருந்த ஆடவர். அக்காலத்தும் பிற்காலத்தும் அடுக்களையில் தேநீர் காய்ச்சி, அனைவர்க்கும் கொடுத்து, இறுதியில் எஞ்சியதைத் தன் உணவோடு பருகிய பெண்ணின் உடல் எவ்விவாதத்திலும் இடம்பெறவில்லை. மருத்துவம் கற்ற ஆனந்திபாயின் கணவர் நிகழ்த்திய சோதனையிலும் உடல்நலம் ஒரு பொருளாக எழவில்லை. இன்றைய அளவீட்டு மருத்துவம்தான் அப்பெண்ணின் குருதியைச் சோதித்து, குவளைக்கும் அவளுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலாகக் கணக்கில் கொண்டது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. புனேயில் தேநீரின் தீங்கு முதலில் காய்ச்சியவர் கையிலும், பின்னர்த் தேயிலையின் துவர்ப்பிலும், இறுதியில் காஃபீனின் அளவிலும் காணப்பட்டது. இம்மாற்றத்தில் பிறப்பு சார்ந்த தூய்மை விலகி, எவரும் பின்பற்றத்தக்க நெறி அவ்விடத்தைப் பெற்றது. இன்றைய மருத்துவம் தேநீரை நஞ்சு என்றோ அமிர்தம் என்றோ கூறவில்லை. உடல்நலமுள்ள பெரியோர்க்கு அளவோடு அருந்தும் தேநீரும் காப்பியும் பெருந்தீங்கு செய்வதில்லை. உறக்கம் குறைந்தோர், கருவுற்றோர், இரத்தசோகை உடையோர் ஆகியோர்க்கு நேரமும் அளவும் இன்றியமையாதவை.

குவளையைத் துறக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேர இடைவெளி, உணவோடு நெல்லியோ எலுமிச்சையோ போன்ற வைட்டமின் சி மிகுந்த பொருள், மாலைக்குப் பின் குறைந்த அளவு என்பன செலவில்லாத நெறிகள். ஆயினும் நண்பகல் உணவுக்கு வழியின்றித் தேநீரால் பசியாறுவோர்க்கு இவ்விடைவெளியைக் கடைப்பிடிப்பது எளிதன்று. அவர்க்கு வேண்டுவது தேநீர் பற்றிய அறிவுரைக்கு முன்னர் உணவே. யார் கையால் பருகுவது என்று இரண்டாண்டுகள் வழக்காடிய சமூகம், யார் வயிறு வெறுமையாக இருக்கையில் பருகுகிறது என்பதையும் கேட்கக் கடமைப்பட்டுள்ளது.